நான்கு பேர் தூக்கும் ஆட்டுக் கொட்டில்

புதுவை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1300 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நெல்லுக்கு உகந்த இந்த மழை வெள்ளாட்டுக்கு ஆகாது. செம்மறியின் உரோமத்தில் கொழுப்புப் பசை உண்டு. மழை நீர் அதில் ஓரளவு வழிந்து ஓடும். வெள்ளாட்டின் மயிரில் அந்தப் பசை குறைவு. அரைமணி நேரம் நனைந்தாலே தோல்வரை ஈரம் இறங்கி உடல் நடுங்கத் தொடங்கும். அதனால்தான் நாலு தூறல் விழுந்ததும் ஆடுகள் திண்ணையைத் தேடி ஓடுகின்றன.

பெரிய ஆடு எப்படியோ தாங்கிக்கொள்ளும். பிறந்து ஒரு மாதம், இரண்டு மாதம் ஆன குட்டிகள் தாங்குவதில்லை. ஈரத் தரையில் படுத்து, சிறுநீர் நெடியை இரவெல்லாம் மூச்சில் இழுத்து, மூக்கில் சளி ஒழுகி, நான்காம் நாள் பால் குடிக்க எழாமல் கிடக்கும். மருந்து கொடுத்தால் சில பிழைக்கும். ஆறு மாதம் கழித்து நல்ல விலைக்குப் போக வேண்டிய குட்டி இப்படிக் கார்த்திகையில் கையைவிட்டுப் போவது ஆடு வளர்க்கும் சிறு விவசாயிகள் எல்லாரும் கண்ட இழப்புதான்.

"கொட்டகை போடுங்கள்" என்று சொல்வது எளிது. எங்கே போடுவது? பாகூர், நெட்டப்பாக்கம் பகுதிகளில் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர் அங்கே நிலையான கொட்டகை எழுப்ப முடியாது. நகரை ஒட்டிய இடங்களில் நிலைமை இன்னும் இக்கட்டானது. ரெட்டியார்பாளையம், அரியாங்குப்பம் பக்கங்களில் நாலைந்து ஆடு வைத்திருப்போர் பலருக்கு வீட்டை விட்டால் வேறு இடமே இல்லை. பக்கத்துக் காலி மனையில் ஆட்டைக் கட்டுகிறார்கள். மனைக்குச் சொந்தக்காரர் செங்கல் இறக்கினால் மறுநாளே ஆடு தெருவுக்கு வந்துவிடும். சுவரொட்டியைக் கிழித்துத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும். இப்படிப்பட்டவர்களுக்குப் பயன்படுவது இடம் மாற்றக்கூடிய கொட்டில் ஒன்றுதான்.

பட்டியும் படலும்

இது நமக்குப் புதிய செய்தியன்று. இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சை, நாகை வரை ஆட்டு மந்தையோடு நடந்தே வருகிறார்கள். அவர்கள் தூக்கிச் செல்வது மூங்கில் படல்களையும், குட்டிகளை அடைக்கும் ஓலைக் கூடுகளையும்தான். இந்தக் கூட்டுக்குக் குடாப்பு என்றும் வேறு விதமாகவும் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. நாலு படலை மூலைக்கு மூலை கட்டினால் பட்டி ஆயிற்று. மறுநாள் அவிழ்த்து அடுத்த வயலில் கட்டினால் கிடை நகர்ந்துவிடும். இங்கிலாந்திலும் முற்காலத்து இடையர்கள் பின்னிய மிலார்ப் படல்களைக் கொண்டு கிழங்கு வயலில் செம்மறிகளை இவ்வாறே நாள்தோறும் மாற்றி மாற்றி அடைத்தார்கள்.

ஆனால் கிடை என்பது கோடைக்குரிய ஏற்பாடு. அதற்குக் கூரை கிடையாது. நமக்கு வேண்டியது படலின் இலேசும் வீட்டின் கூரையும் ஒன்றாகச் சேர்ந்த ஒன்று. இந்த இரண்டையும் சேர்ப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கூரையைக் கனமாகப் போட்டால் தூக்க முடியாது. இலேசாகப் போட்டால் காற்று தூக்கிவிடும்.

முதலில் எடை

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். நான் முதன்முதலில் செய்வித்த "நகரும்" கொட்டில் இரும்புக் கோணச் சட்டத்தில், தகரக் கூரையும் பலகைத் தரையும் வைத்து அமைத்தது. பார்வைக்கு அழகாக இருந்தது. எடை கால் டன்னைத் தாண்டிவிட்டது. செய்த இடத்திலிருந்து அதை நகர்த்த எட்டுப் பேர் வேண்டியிருந்தது. எட்டுப் பேரைத் தினமும் யார் கூப்பிடுவது? ஓர் ஆண்டுக்குப் பின் போய்ப் பார்த்தபோது அதில் விறகு அடுக்கியிருந்தார்கள். ஆடுகள் வழக்கம்போல் வேப்பமரத்தடியில் நின்றன.

ஆகவே கணக்கை எடையிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் ஆள் அதிகச் சிரமமின்றித் தூக்கிப் பத்தடி நடக்கக்கூடிய பாரம் 25 கிலோ. வீட்டில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை, அண்டை வீட்டார் ஒருவர் என்று நான்கு பேர் சேர்வார்கள். எனவே கொட்டில் 100 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டால் என்ன மரம், எத்தனை பருமன், என்ன கூரை என்பதெல்லாம் தாமாகவே முடிவாகிவிடும்.

அளவையும் இதுவே தீர்மானிக்கிறது. வளர்ந்த வெள்ளாடு ஒன்றுக்குக் கூரையின் கீழ் 10 சதுர அடியாவது தேவை. சினை ஆட்டுக்கும் குட்டி ஈன்ற ஆட்டுக்கும் 15 சதுர அடி கொடுப்பது நலம். 8 அடி நீளம், 6 அடி அகலமுள்ள கொட்டிலில் 48 சதுர அடி கிடைக்கும். நான்கு பெட்டை ஆடுகளும் இரண்டொரு பால்குடிக் குட்டிகளும் இதில் தங்கலாம். எல்லாமே சினையாக இருந்தால் மூன்று போதும். எட்டு ஆடுகள் உள்ளவர் இதை இருமடங்கு பெரிதாகச் செய்யாமல் இரண்டு கொட்டில்களாகச் செய்துகொள்ள வேண்டும். கிடாவை எப்படியும் தனியே அடைக்கத்தான் வேண்டும்.

மரமும் சட்டமும்

காலாப்பட்டிலிருந்து மரக்காணம் வரை மணற்பாங்கான கடலோரத்தில் சவுக்கு நன்றாக வளர்கிறது. ஆகையால் இவ்வட்டாரத்தில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. தரையோடு உரசும் பாகங்களுக்கும் கால்களுக்கும் சவுக்கையும், மேற்பாகத்துக்கு மூங்கிலையும் பயன்படுத்த வேண்டும். சவுக்கு உறுதியானது, ஆனால் கனமானது. பச்சைச் சவுக்கு இன்னும் கனம். வெட்டிப் பட்டையை உரித்து இரண்டு மாதம் நிழலில் காயவைத்த கழியையே வாங்குங்கள். பட்டையை உரிக்காமல் விட்டால் அந்த வேலையை ஆடுகள் செய்துவிடும். கட்டிய கயிற்றையும் சேர்த்துக் கடித்துவிடும்.

அடியில் 10 அடி நீளமும் 3 அங்குலப் பருமனும் உள்ள இரண்டு சவுக்குக் கட்டைகளை 6 அடி இடைவெளியில் இணையாகக் கிடத்த வேண்டும். இவையே சறுக்குக் கட்டைகள். இவற்றின் இரு முனைகளையும் படகின் மூக்குபோல மேல்நோக்கிச் சாய்வாகச் செதுக்கி, கயிறு கோக்க ஒரு துளையும் இட்டுவிட்டால் இழுக்கும்போது மண்ணில் குத்தாது. அடிப்பக்கத்தில் பழைய டயரைப் பட்டையாக அறுத்து ஆணி அடித்துக்கொண்டால் தேய்மானம் குறையும். பஞ்சர் கடைகளில் இது எளிதில் கிடைக்கும்.

சறுக்குக் கட்டைகளின் குறுக்கே 6 அடி நீளமுள்ள மூன்று சட்டங்கள், முன்னும் பின்னும் நடுவிலும் வர வேண்டும். ஓரச் சட்டங்கள் இரண்டரை அங்குலமும் நடுச்சட்டம் 3 அங்குலமும் இருக்கட்டும். பக்கத்துக்கு மூன்றாக, 3 அடி உயரமுள்ள ஆறு கால்கள். அவற்றுக்கு 2 அங்குலக் கழி போதும். கால்களின் தலையில் நீளவாக்கில் மூங்கில் வளைகள் இரண்டு, குறுக்கே மூங்கில் விட்டங்கள் மூன்று. விட்டங்களின் நடுவில் 2 அடிக் குத்துக்கால் நிறுத்தி அதன்மேல் முகட்டு மூங்கிலை வைத்தால் முகடு 5 அடி உயரத்தில் நிற்கும். குனிந்து உள்ளே போய்ப் பெருக்க இந்த உயரம் போதுமானது. நிமிர்ந்து நிற்க வேண்டுமென்று 7 அடிக்கு உயர்த்தினால் காற்றுக்கு நாமே மார்பைக் காட்டியதாகும்.

முகட்டிலிருந்து இருபுறமும் இறங்கும் கை மரங்கள், பக்கத்துக்கு நான்கு வீதம், 5 அடி நீளம் இருக்க வேண்டும். இறவாரம் ஒன்றேகால் அடிக்குக் குறையாமல் வெளியே நீண்டிருந்தால்தான் சாரல் உள்ளே அடிக்காது. கை மரங்களின் மேல் மூங்கில் பிளாச்சுகளை வரிச்சாகக் கட்ட வேண்டும்.

மூங்கிலில் நேரடியாக ஆணி அடித்தால் பிளந்துவிடும். துளையிட்டுக் கட்டுக்கம்பியாலோ நைலான் கயிற்றாலோ இறுக்கிக் கட்டுங்கள். கம்பியின் முறுக்கு முனைகளை வெளிப்புறமாகத் திருப்பி மடக்கிவிட வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனையால் கண்ணை இழந்த ஆடுகளைப் பார்த்திருக்கிறேன். கால்கள் சறுக்குக் கட்டையோடு சேரும் ஆறு இடங்களில் நட்டு, போல்ட்டு போடுவது சிறந்தது. வேண்டும்போது கழற்றி மாட்டுவண்டியிலோ சிறு டெம்போவிலோ ஏற்றலாம்.

பலரும் விட்டுவிடுகிற ஒரு வேலை உண்டு. இரு பக்கங்களிலும் பின்முகப்பிலும் மூலைக்கு மூலை சாய்வாகக் கழி வைத்துக் கட்ட வேண்டும். நாற்சதுரச் சட்டம் மட்டும் இருந்தால், நாலு முறை இழுத்ததும் கொட்டில் ஒருபக்கம் சாய்ந்து சீட்டுக்கட்டு வீடுபோல மடங்கிவிடும். சாய்வுக் கழி விழுந்த சட்டம் மடங்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு கழிதான். அதன் எடை ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் வராது.

இதுவரை சொன்ன சட்டம் முழுவதும் காய்ந்த மரத்தில் செய்தால் 80 கிலோவுக்குள் அடங்கும்.

கூரை

இந்த 80 கிலோவின்மேல் கூரைக்கு மிச்சமிருப்பது 20 கிலோ. தென்னங்கீற்றை வீட்டுக்கு வேய்வதுபோல் நெருக்கி வேய்ந்தால் காய்ந்த நிலையிலேயே 30, 40 கிலோ ஆகிவிடும். மழையில் ஊறினால் கனம் பெருமளவு கூடும். அப்போதுதான் கொட்டிலை மேட்டுக்கு நகர்த்த வேண்டிய தேவையும் வரும்! இதற்கு மாறாக, இதே கூரையை மூடும் தார்ப்பாயின் எடை இரண்டு கிலோதான். ஆனால் பங்குனி, சித்திரையில் வெறும் தார்ப்பாயின் கீழ் ஆடு நிற்காது; வெந்துவிடும்.

இரண்டையும் கலப்பதே வழி. அடியில் தார்ப்பாயை இறுக்கமாக விரித்து, அதன்மேல் ஒற்றை அடுக்காகப் பதினைந்து கீற்றுகளை வேய்ந்துவிடலாம். மழையைத் தார்ப்பாய் தடுக்கும். வெயிலைக் கீற்று தடுக்கும். நெருக்கிய வேய்ச்சல் இல்லாததால் கனமும் இல்லை. தார்ப்பாய் வாங்க முடியாதவர்கள் விழாக்களிலும் தேர்தல்களிலும் கட்டிய பழைய பிளக்ஸ் பதாகைகளைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். எழுத்துள்ள பக்கம் மேலோ கீழோ என்பதில் ஆட்டுக்கு அக்கறை இல்லை. ஒன்றிரண்டு ஆண்டு வெயிலில் அது பொடிந்து உதிரத் தொடங்கும். துணுக்குகளை ஆடு தின்னுமுன் மாற்றிவிட வேண்டும்.

சுவர் முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை. காற்றோட்டம் இல்லாத கொட்டில் ஓட்டைக் கூரையைவிடக் கேடானது. நாயும் நரியும் நுழையாதபடி நாற்புறமும் பிளாச்சுகளை மூன்று அங்குல இடைவெளியில் கட்டிவிட்டால் போதும். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் பழைய வலை மலிவாகக் கிடைக்கிறது என்று அதைச் சுற்றிக் கட்டுவோர் உண்டு. பெரிய கண்ணுள்ள வலையில் ஆட்டின் கொம்பும் குட்டியின் தலையும் மாட்டிக்கொள்ளும். வலையைக் கட்டுவதானால் பிளாச்சுக்கு வெளிப்புறம், கை படாத தூரத்தில் கட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் சாரல் வடகிழக்கிலிருந்து வரும். அந்த இரு பக்கங்களுக்கு மட்டும் கழற்றி மாட்டக்கூடிய கீற்றுத் தட்டிகள் தேவை. வாயிலைத் தெற்கிலோ மேற்கிலோ வைத்துக்கொள்ளலாம். கோடையில் தட்டிகளைக் கழற்றிவிட்டு, கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கும்படி திருப்பி வைத்தால் உள்ளே வெயில் குறையும். நிலையான கொட்டகைக்கு இப்படித் திரும்பத் தெரியாது.

தரை

கோடையில் தரை தேவையில்லை. ஆடுகள் மண்ணிலேயே படுக்கட்டும். புழுக்கையும் சிறுநீரும் நேராக நிலத்தில் சேரும். மழைக்காலத்தில் மட்டும் மண்ணிலிருந்து ஆட்டைப் பிரிக்க வேண்டும். அதனால் தரையைக் கொட்டிலோடு சேர்த்து அடித்துவிடாமல் தனித் தட்டுகளாகச் செய்வதே உத்தமம். இதுதான் எடைக் கணக்கைக் காப்பாற்றும் உபாயம்.

4 அடி நீளம், 3 அடி அகலத்தில் நான்கு தட்டுகள் வேண்டும். 2 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள ரீப்பர்களை ஒன்றரைச் சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு வரிசையாக வைத்து, அடியில் மூன்று குறுக்கு ரீப்பர்களில் ஆணி அடிக்க வேண்டும். இடைவெளி இதைவிடக் குறைந்தால் புழுக்கை கீழே விழாமல் அடைத்துக்கொள்ளும். கூடினால் குட்டியின் குளம்பு இறங்கி கால் ஒடியும். சுண்டுவிரல் தாராளமாக நுழையும், கட்டைவிரல் நுழையாது என்பது களத்தில் உதவும் அளவு. ஒரு தட்டு ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். கால்களில் இடிக்காமல் உள்ளே இறங்கும்படி ஓரத்தில் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன் நிலத்தில் மேடான இடமாகப் பார்த்து, ஆறு இடங்களில் இரண்டிரண்டு சிமெண்டுக் கல்லை அடுக்கி அவற்றின்மேல் கொட்டிலைத் தூக்கி வைத்துவிட வேண்டும். பிறகு குறுக்குச் சட்டங்களின்மேல் தட்டுகளைப் பரப்பினால் தரைக்கும் தட்டுக்கும் நடுவே ஒன்றேகால் அடிக்கு மேல் இடைவெளி கிடைக்கும். காற்று அடியில் புகுந்து தட்டுகளை உலர்த்தும். கீழே விழும் எருவை இரண்டு நாளுக்கு ஒருமுறை மண்வெட்டியால் இழுத்துவிட வேண்டும். வாயிலுக்கு ஒரு சாய்வுப் பலகை போதும். குட்டிகள் அரைநாளில் ஏறப் பழகிவிடும்.

நகர்த்தும் முறை

காய்ந்த நிலத்தில் இரண்டு பேரே போதும். முன்முனைகளைத் தோளுயரத்துக்குத் தூக்காமல் முழங்கால் அளவுக்குத் தூக்கி, பின்முனைகள் மண்ணில் சறுக்கும்படி இழுத்தால் பாதி எடைதான் கைக்கு வரும். பாகூர்ப் பக்கத்துக் களிமண்ணில் ஈரமிருக்கும்போது இழுக்க முயலாதீர்கள். கட்டை மண்ணில் ஒட்டிக்கொண்டு சட்டம் குலையும். நான்கு பேராகத் தூக்கியே வைக்க வேண்டும். சக்கரம் வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். தெருவில் ஓடும், உழுத நிலத்தில் புதையும். அந்தச் செலவு வேண்டாம் என்பதே என் எண்ணம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நகர்த்துவது? இதைச் சோம்பலுக்கு விடக் கூடாது. புழுக்கையோடு வெளிவரும் குடற்புழு முட்டைகள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாலிலிருந்து ஏழு நாட்களுக்குள் ஆட்டைத் தொற்றும் இளம் புழுக்களாகிவிடுகின்றன. குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் உண்டாக்கும் கிருமி அதற்கு முன்பே தயாராகிவிடும். எனவே தட்டில்லாமல் மண்ணில் படுக்கும் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை, தவறினால் நான்காம் நாள், கொட்டில் நகர்ந்தாக வேண்டும். நகர்ந்த இடத்தில் சுண்ணாம்புத் தூள் தூவி, ஒரு மாதமாவது ஆட்டை அங்கே திரும்ப அடைக்காமல் இருப்பது நலம். காலி மனையில் ஆடு வளர்ப்போர் மனையை மனத்துக்குள் போதுமான கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு சுற்றி வந்தால் இது தானே அமைந்துவிடும்.

எருவைப்பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆட்டெரு வளமானது. அதில் தழைச்சத்து 3 விழுக்காடும், மணிச்சத்து 1 விழுக்காடும், சாம்பல்சத்து 2 விழுக்காடும் உண்டு. ஆனால் நான்கு ஆடுகளை வைத்துக்கொண்டு வயலுக்கே எருவிட்டுவிடலாம் என்று நம்ப வேண்டாம். கொட்டிலோடு சிறிய படல் பட்டியும் சேர்த்து ஓர் இரவுக்கு 150 சதுர அடி மூடினாலும் 10 சென்ட் நிலத்தைச் சுற்றிவர ஒரு மாதமாகும். தினமும் நகர்த்தினால்தான் அதுவும். ஆட்டுக்கு இரவில் அரைக் கிலோ புழுக்கை என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் அந்த ஒரு மாதத்தில் விழுவது 60 கிலோதான். எக்டேருக்கு 12.5 டன் தொழு எரு என்ற வழக்கமான பரிந்துரைப்படி 10 சென்டுக்கு 500 கிலோ வேண்டும். ஆகவே தென்னை மரங்களுக்கு நடுவிலோ, கத்தரி, வெண்டை போடவிருக்கும் சிறு பாத்தியிலோ கொட்டிலை வைத்துப் பயன்பெறலாம். வயலுக்கு எரு வேண்டுவோர் கிடைகாரர்களைத்தான் அழைக்க வேண்டும். இந்தக் கொட்டிலின் பெரிய வரவு உலர்ந்த படுக்கையும் உயிரோடிருக்கும் குட்டியும்தான்.

காற்றும் வெள்ளமும்

நான்கு பேர் தூக்கும் கொட்டிலைக் காற்று ஒற்றையாளாகத் தூக்கிவிடும் என்று முன்பே சொன்னேன். இது வெறும் பேச்சன்று. இந்தக் கூரை ஏறத்தாழ 7 சதுர மீட்டர் இடத்தை மூடுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் அதன்மேல் 120 கிலோ அளவுக்கு மேல்நோக்கிய இழுப்பு ஏற்படக்கூடும். அதாவது கொட்டிலின் சொந்த எடையைவிட அதிகம். காற்றின் வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். 90 கி.மீ. காற்றில் இழுப்பு 270 கிலோவை நெருங்கும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தபோது வீச்சு 90 கி.மீ. வரை இருந்தது. ஆகவே கொட்டிலைக் கட்டிவைக்காமல் ஒரு மழைக்காலத்தைக் கடத்திவிடலாம் என்று எண்ணக் கூடாது. சிமெண்டுச் சாக்கில் மணல் நிரப்பினால் ஒரு மூட்டை 40 கிலோ இருக்கும். பக்கத்துக்கு மூன்றாக ஆறு மூட்டைகளைச் சறுக்குக் கட்டைகளோடு சேர்த்துக் கட்டினால் 240 கிலோ கிடைக்கும். தட்டுகளின் எடையும் கொட்டிலின் எடையும் சேர்ந்தால் 90 கி.மீ. காற்றுக்கு ஈடுகொடுக்கும். சாக்கை நிரப்புவதும் கொட்டுவதும் எளிது. நகர்த்தும்போது மணலைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

பாரம் கீழே இருந்து கூரை மட்டும் பிய்த்துக்கொண்டு போனால் பயனில்லை. பழைய மீன்பிடிக் கயிற்றை ஒரு சறுக்குக் கட்டையில் கட்டி, கூரைக்கு மேலாகப் போட்டு, மறுபக்கக் கட்டையில் இழுத்துக் கட்டுங்கள். இப்படி மூன்று கட்டு தேவை. நான்கு மூலைகளிலும் 3 அடி முளைகளைக் கொட்டிலுக்கு வெளிப்புறமாகத் தலை சாயும்படி அடித்து, அவற்றோடும் கட்டலாம். ஆனால் முளையை மட்டுமே நம்பக் கூடாது. இரண்டு நாள் மழையில் ஊறிய மண் முளையைப் பிடிப்பதில்லை.

இத்தனையும் செய்த பின்னும் இது புயலுக்கு ஒதுங்கும் இடம் ஆகாது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரையேறிய தானே புயலின் காற்றுக்கு ஆறு மூட்டை மணல் எம்மாத்திரம்? பெரிய புயல் எச்சரிக்கை வந்தால் ஆடுகளைக் காங்கிரீட்டுக் கட்டடம் ஏதாவதொன்றுக்கு முதல்நாள் மாலையே மாற்றிவிட வேண்டும். பிறகு தார்ப்பாயையும் கீற்றையும் பிரித்து எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கூரையில்லாத சட்டத்தைக் காற்று அதிகம் தொடாது.

வெள்ளம் வேறு வகை. பெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அதன் பின்னால் தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் பெருக்கெடுத்த தண்ணீர் கரையோரக் கிராமங்களைச் சூழ்ந்தது. இவ்வாறான இரவுகளில் நின்ற இடத்திலேயே மூழ்குபவை கட்டிவைத்த ஆடுகள்தாம். அவிழ்த்துவிட்ட ஆடு மேட்டைத் தானே தேடிக்கொள்ளும். எனவே கொட்டிலுக்குள் ஆட்டைக் கயிற்றில் கட்டும் வழக்கம் கூடாது. வாயிலை அடைத்தால் போதும். வாயில் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இருட்டிலும் ஒரு கையால் கழற்றக்கூடிய கொண்டியாக இருக்க வேண்டும். பூட்டுப் போடுவோர் சாவி யாரிடம் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

இன்னும் சில

வெள்ளாடு தரையில் கிடக்கும் தழையை மிதித்துக் கழித்துவிடும். விட்டத்தில் ஒரு கயிறு தொங்கவிட்டு அகத்தி, பூவரசு, வேப்பங்குழைகளை ஆட்டின் தலையுயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் சேதம் குறையும். குட்டிகளுக்கென்று ஒரு மூலையைப் படலால் தடுத்து, பெரிய ஆடு நுழைய முடியாத சிறிய வாயில் வைத்தால் மிதிபடாமல் தூங்கும். பூச்சிமருந்து வந்த டின், பெயிண்டு பூசிய பழைய பலகை ஆகியவற்றைக் கொட்டிலின் எந்தப் பாகத்துக்கும் சேர்க்க வேண்டாம். ஆடு நக்காத மரம் இல்லை.

கொட்டில் நன்றாக இருக்கிறது என்று தடுப்பூசியை விட்டுவிடுவதும் தவறு. மழையில் துளிர்க்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும். அதற்கு மழைக்கு முன்பே ஊசி போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியையும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆடு வளர்ப்புப் பற்றிய ஐயங்களுக்குப் புதுவை குருமாம்பேட்டில் 1994 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியையும், அங்கேயே உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

புரட்டாசி பிறந்ததும் ஒரு காலை நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். ஒவ்வொரு கட்டையும் கையால் அசைத்துப் பார்த்துத் தளர்ந்ததை இறுக்க வேண்டும். மூங்கிலில் மாவுபோல் பொடி உதிர்ந்தால் உளுத்துவிட்டது என்று பொருள். அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். தார்ப்பாயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். பின்பு வீட்டாரைக் கூப்பிட்டு நாலு பக்கமும் பிடித்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். சென்ற ஆண்டைவிடக் கனமாகத் தெரிந்தால், யாரோ எதையோ சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதைத் தேடிக் கழற்றிவிட்டுத்தான் கல்லின்மேல் ஏற்ற வேண்டும்.